ஞானப்பல் எடுக்க எவ்வளவு ஆகும்?



கொஞ்சம் நீளமான பதிவுதான். வேலை முடித்துவிட்டுப் பொறுமையாகப் படியுங்கள்.

"டீச்சர், பிள்ளைக்கு ஞானப்பல் எடுக்கணும்னு சொல்றாங்க. எவ்வளவு ஆகும்? அவங்க சொல்ற ரேட்டு சரிதானா?" இந்த ஒரு கேள்வியை இந்த வருஷம் மட்டும் நாலைந்து பேர் போனில் கேட்டுவிட்டீர்கள். நான் பல் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்து, முப்பது வருஷத்துக்கு மேல் வாய்ப்பாடும் கூட்டல் கழித்தலும் சொல்லிக் கொடுத்தவள். வைத்தியம் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் கணக்குப் பார்க்கத் தெரியும். ஞானப்பல் விஷயத்தில் நம்ம ஜனங்கள் கணக்கைப் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் கருத்து. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் பல்லைத் தெரிந்துகொள்வோம். பெரியவர்களுக்கு மொத்தம் 32 பல். அதில் கடைசியாக, பெரும்பாலும் 17 வயதிலிருந்து 25 வயதுக்குள், வாயின் நாலு மூலையிலும் வருவதுதான் ஞானப்பல். விவரம் தெரிகிற வயதில் வருவதால் அந்தப் பெயர். சிலருக்கு நாலும் வரும், சிலருக்கு ஒன்றிரண்டுதான் வரும், சிலருக்கு ஒன்றுமே வராது. தாடையில் இடம் இருந்தால் நேராக முளைத்துவிடும். இடம் இல்லாவிட்டால் பக்கத்துப் பல்லின் மேல் சாய்ந்துகொள்ளும், அல்லது படுத்துக்கொள்ளும், அல்லது எலும்புக்குள்ளேயே தங்கிவிடும். பாதி வெளியே வந்த பல்லின் மேல் ஈறு மூடி போலக் கிடக்கும். அதற்குள் சோறும் அழுக்கும் சிக்கிச் சீழ் பிடிக்கும். அதுதான் அந்த வலி.

ஏன் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு ரேட்டு? போடிக்காரர்களுக்கு இது புரியாமல் போகாது. ஏலக்காய் கிலோ என்ன விலை என்று பொதுவாகக் கேட்டால் எந்த வியாபாரியாவது ஒரே பதில் சொல்வாரா? எட்டு எம்.எம். காயா, ஏழா, பச்சை நிறம் நிற்கிறதா, வெடித்த காய் கலந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் விலை. பல்லும் அப்படித்தான். நேராக முளைத்த மேல் ஞானப்பல்லை ஊசி போட்டுச் சில நிமிஷத்தில் எடுத்துவிடலாம். கீழ்த்தாடையில் படுத்துக் கிடக்கிற பல்லென்றால் ஈற்றைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் ராவி, பல்லை இரண்டு மூன்று துண்டாக்கி எடுத்துத் தையல் போட வேண்டும். இரண்டுக்கும் பேர் ஒன்றுதான், வேலை வேறு.

இன்னொன்றும் உண்டு. கீழ் ஞானப்பல்லின் வேருக்குப் பக்கத்தில்தான் கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருகிற நரம்பு ஓடுகிறது. அதில் பட்டால் உதடு மரத்துப் போகும். பெரும்பாலும் நாளாக ஆகச் சரியாகிவிடும், சிலருக்கு நிலைத்தும் போகும். அதனால்தான் முழு வாய் எக்ஸ்ரே கேட்கிறார்கள். ஓ.பி.ஜி. என்று சீட்டில் எழுதித் தருவது அதைத்தான். வேர் நரம்போடு ஒட்டியிருக்கிற மாதிரி தெரிந்தால் சி.பி.சி.டி. என்று ஒரு ஸ்கேனும் கேட்கலாம். எக்ஸ்ரேவே பார்க்காமல் போனில் ரேட்டுச் சொல்கிறவரையும், எக்ஸ்ரே எடுப்பதே காசு பிடுங்கத்தான் என்று சொல்கிறவரையும் நான் ஒரே மாதிரிதான் பார்க்கிறேன். இரண்டு பேரும் பல்லைப் பார்க்கவில்லை.

இப்போது ஒரு நிஜக் கணக்கு. என் தங்கை மகளுக்குக் கீழே இடது பக்க ஞானப்பல்லில் வலி. மூன்று இடத்தில் கேட்டார்கள். முதல் இடம் 3,500 ரூபாய். இரண்டாவது 8,000. மூன்றாவது 14,000. "பாருங்க பெரியம்மா, எப்படிக் கொள்ளையடிக்கிறாங்க" என்று கொதித்தாள். நான் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மூன்று கட்டம் போடச் சொன்னேன்.

முதல் இடத்தில் 3,500 என்பது கைக்கூலி மட்டும். வெளியே எக்ஸ்ரே 500, மாத்திரை 600, தையல் பிரிக்க 300. கூட்டினால் 4,900. "பல் படுத்திருந்தால் சர்ஜனை வெளியிலிருந்து வரவழைக்கணும், அதுக்கு 3,000 தனி" என்று கடைசியில் சொன்னார்கள். எக்ஸ்ரேயில் பல் படுத்துத்தான் கிடந்தது. ஆக 7,900.

இரண்டாவது இடத்தில் 8,000-க்குள் எக்ஸ்ரே, சர்ஜன், தையல் பிரிப்பு எல்லாம் அடக்கம். மாத்திரை 600 மட்டும் வெளியே. மொத்தம் 8,600.

மூன்றாவது இடத்தில் 14,000 என்பது இரண்டு பல்லுக்கு. வலது பக்கப் பல்லையும் சேர்த்தே எடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் ஒரு பல்லுக்கு 7,000.

3,500-க்கும் 14,000-க்கும் நாலு மடங்கு வித்தியாசம் என்று கொதித்தோம். கட்டம் போட்டுப் பார்த்தால் முதல் இரண்டுக்கும் வித்தியாசம் 700 ரூபாய். மூன்றாவது இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி ரேட்டைப் பற்றியதே இல்லை. வலிக்காத அந்த இன்னொரு பல்லை ஏன் எடுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

அதைப் பற்றியும் சொல்கிறேன். இங்கிலாந்தில் மருத்துவத்துக்கு வழிகாட்டுகிற நைஸ் என்கிற அரசு அமைப்பு 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. நோய் எதுவும் இல்லாத ஞானப்பல்லை, பின்னால் தொந்தரவு வரலாம் என்பதற்காக மட்டும் எடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அடிக்கடி சீழ் பிடித்தல், சரிசெய்ய முடியாத சொத்தை, பக்கத்துப் பல் கெடுதல், நீர்க்கட்டி என்று காரணம் இருந்தால் எடுக்கலாம். எல்லா நாட்டு டாக்டர்களும் இதை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை, வயது கூடினால் எடுப்பது கஷ்டம் என்று முன்கூட்டியே எடுக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது அவர்கள் தொழில் விவாதம். நமக்கு வேண்டியது ஒரு வரிதான்: "டாக்டர், இந்தப் பல்லை இப்போ எடுக்கக் காரணம் என்ன? எடுக்காம விட்டா என்ன ஆகும்?" நல்ல டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டிச் சொல்லுவார். தங்கை மகளுக்கு அப்படித்தான் இடது பக்கம் மட்டும் எடுத்தார்கள். வலது பக்கத்தை வருஷம் ஒருமுறை காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது மாதச் சம்பளக்காரர் கணக்கு. இனி மலைக்கணக்கு.

விடியும் முன்னே எழுந்து, தூக்குச்சட்டியோடு ஜீப் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவு கடந்து போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் காய் எடுக்கப் போகிறவர்கள் என் மாணவிகளிலேயே எத்தனையோ பேர். அதில் ஒருத்திக்கு ஆடி மாதமே ஞானப்பல் வலி ஆரம்பித்தது. அது காய் எடுப்பு தொடங்குகிற நேரம். லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டாள். கிராம்பை அடக்கிக்கொண்டாள். கிராம்பில் இருக்கிற எண்ணெய் மரமரப்பைத் தரும், வலி அமுங்கும், உள்ளே இருக்கிற சீழ் போகாது. வலி குறைந்ததும் மறந்துவிடுவாள். இப்படியே தை வரைக்கும் ஓட்டினாள்.

தை மாதம் ஒரு நாள் தாடை வீங்கி, வாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. காய்ச்சல். எச்சில் விழுங்க முடியவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 6 நாள் இருந்தாள். சீழை வெளியேற்றி, மருந்து ஏற்றி, பிறகுதான் பல்லையே எடுத்தார்கள். உயிர் பிழைத்தாள். அங்கே அவளிடம் ஒரு பைசா வாங்கவில்லை. "இலவசமாப் பார்த்துட்டாங்க டீச்சர்" என்றாள்.

இலவசமா? கணக்குப் போடுவோம். ஆஸ்பத்திரியில் 6 நாள், வீட்டில் படுத்திருந்தது 14 நாள், ஆக 20 நாள் கூலி இல்லை. துணைக்கு இருந்த அம்மாவுக்கு 6 நாள் கூலி இல்லை. மொத்தம் 26 நாள் கூலி. ஆடி மாதமே காட்டியிருந்தால்? எக்ஸ்ரேக்கு ஒரு நாள், பல் எடுக்க ஒரு நாள், ஓய்வு 3 நாள், தையல் பிரிக்க ஒரு நாள், துணைக்கு வருகிறவருக்கு ஒரு நாள். மொத்தம் 7 நாள். ஒரு நாள் கூலி எவ்வளவோ அதை 26-ஆல் பெருக்குங்கள், பிறகு 7-ஆல் பெருக்குங்கள். 19 நாள் கூலி வித்தியாசம். ஞானப்பல்லின் நிஜ விலை பில்லில் இல்லை, தள்ளிப்போட்ட நாட்களில் இருக்கிறது.

அவளை நான் திட்டவில்லை. அவள் தள்ளிப்போட்டது அறியாமையால் இல்லை. அன்றைய கூலி அன்றைய அடுப்பு. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காப்பி, ரப்பரோடு ஏலத் தோட்டத்தையும் சேர்த்தே பேசியது. 5 ஹெக்டேரும் 15 தொழிலாளரும் உள்ள தோட்டத்தில் மருத்துவ வசதி வேண்டும், நோய்க்கால உதவித்தொகை வேண்டும் என்று அதில் இருந்தது. காலையில் ஜீப்பில் ஏறி மாலையில் இறங்குகிற பெண்ணுக்கு அதில் எது கையில் கிடைத்தது? பல்வலிக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவு வாங்கிய ஒருத்தியை நான் இன்னும் பார்க்கவில்லை. தோட்டம் வைத்திருக்கிற என் மாணவர்களும் இதைப் படிப்பீர்கள். வருஷத்துக்கு இரண்டு நாள் வைத்திய லீவு கொடுங்கள் தம்பிகளா. உங்கள் காய் எடுக்கிற கை அது.

இனி, எங்கே போகலாம்? முதலில் நம்ம போடி அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். சிக்கலான பல் என்றால் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மதுரையில் இராஜாஜி மருத்துவமனை இருக்கிறது, தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளும் உண்டு. பல் மருத்துவக் கல்லூரி என்றால் "படிக்கிற பிள்ளைங்க கத்துக்கிற இடம்" என்று பயப்பட வேண்டாம். பேராசிரியர் மேற்பார்வையில்தான் செய்வார்கள், வெளியே ஆகிற செலவை விடப் பொதுவாகக் குறைவு. காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சென்னையில் இருக்கிற பிள்ளைகளுக்குக் கோட்டை ரயில் நிலையம் எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி. புதுக்கோட்டையிலும் 2023-ல் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது.

யாரிடம் போகக் கூடாது என்பதும் முக்கியம். பல் டாக்டர் ஆக பி.டி.எஸ். படிக்க வேண்டும், பயிற்சிக் காலத்தோடு சேர்த்து 5 வருஷம். வாய், தாடை அறுவைச் சிகிச்சையில் எம்.டி.எஸ். என்றால் மேலும் 3 வருஷம். படுத்துக் கிடக்கிற பல்லுக்கு அப்படிப்பட்ட சர்ஜன் வருவதால்தான் ரேட்டு கூடுகிறது, அது நியாயமான கூடுதல். பரம்பரையாகப் பல் கட்டுகிறோம் என்று போர்டு மாட்டியிருக்கிறவரிடம் 500 ரூபாய்க்குப் போவது மிச்சமே இல்லை. சுவரில் பட்டமும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். கேட்பது மரியாதைக் குறைவு கிடையாது.

செலவில் சின்னச் சின்ன விஷயங்கள். சிகிச்சைக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, மருத்துவ சேவைக்கு விலக்கு உண்டு. பில்லில் போட்டிருந்தால் கேளுங்கள். மருந்துச் சீட்டை மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ காட்டி விலை கேளுங்கள். அதே மருந்து கம்பெனிப் பெயர் இல்லாமல் குறைவாகக் கிடைக்கும். மருத்துவக் காப்பீடு இருக்கிறது என்று நம்பிக்கொண்டு போய் உட்காராதீர்கள். நிறைய பாலிசிகளில், படுக்கையில் சேராமல் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்துக்கொள்கிற பல் வைத்தியத்துக்குப் பணம் வராது. முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் "இங்கே எடுக்க முடியலை டீச்சர், ஊருக்கு வரும்போது எடுத்துக்கிறேன்" என்கிறீர்கள். சரி. ஆனால் இங்கிலாந்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. அரசு சுகாதாரத் திட்டத்தின் கீழ் பல் எடுப்பதற்கு ஒரே கட்டணம். 2025 ஏப்ரலில் அது 75.30 பவுண்டு. ஒரு சிகிச்சைத் தொடரில் ஒரு பல்லோ இரண்டு பல்லோ, அதே தொகைதான். திட்டத்தில் சிகிச்சை தருகிற பல் டாக்டர் கிடைப்பதே அங்கே பெரும்பாடு என்று அங்கே இருக்கிற நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். ஆனாலும் கதவைத் தட்டும் முன்பே எவ்வளவு என்று தெரிந்திருப்பது பெரிய விஷயம்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2018-ல் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் கொண்டு வந்தார்கள். கட்டண விவரத்தை நோயாளி பார்க்கிற மாதிரி எழுதி வைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நம்ம பக்கம் எத்தனை கிளினிக்கில் அப்படி ஒரு பலகையைப் பார்த்திருக்கிறீர்கள்? நம்ம ஊரில் ஏலக்காய்க்கு நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இருக்கிறது. ஒவ்வொரு லாட்டும் என்ன விலைக்குப் போனது என்று அன்றைக்கே ஊருக்குத் தெரியும். ஏலக்காய்க்கு இருக்கிற வெளிப்படை, அதை எடுக்கிறவளின் பல்லுக்கு வேண்டாமா?

உரிமையைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். காசு கொடுத்துப் பெறுகிற மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. என்ன சிகிச்சை, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று 2008-ல் இன்னொரு தீர்ப்பு. டாக்டரோடு சண்டை போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. கேள்வி கேட்க வாய் வர வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். வகுப்பில் உங்களை எழுப்பி எழுப்பிக் கேள்வி கேட்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

ஆகவே, பல் எடுக்கப் போகும் முன் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள்:

1. எடுக்கக் காரணம் என்ன? எக்ஸ்ரேயில் காட்டுங்கள்.
2. இந்த ரேட்டு ஒரு பல்லுக்கா, எல்லாவற்றுக்குமா?
3. எக்ஸ்ரே, சர்ஜன், மாத்திரை, தையல் பிரிப்பு இதில் எது அடக்கம், எது தனி?
4. எடுக்கும்போது சிக்கலானால் எவ்வளவு கூடும்?
5. மூன்று நாலு நாள் கழித்து வலி கூடினால் திரும்ப வந்து காட்டத் தனிப் பணமா?
6. எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது?

பதிலை அவர்கள் எழுதித் தந்தால் நல்லது. தராவிட்டால் அவர்கள் கண் முன்னாலேயே நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தாடைக்குக் கீழே வீக்கம், வாய் திறக்க முடியாமை, விழுங்கக் கஷ்டம், காய்ச்சல், மூச்சு விடச் சிரமம், இவை வந்தால் ரேட்டு விசாரிக்காதீர்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். பல்லில் ஆரம்பித்த சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சுக் குழாயை அடைத்துவிடும்.

அரசிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. போடி மருத்துவமனையில் முழு வாய் எக்ஸ்ரே இயந்திரம் எப்போதும் வேலை செய்ய வேண்டும். தாடை சர்ஜன் வாரத்தில் ஒரு நாள், அதுவும் மலைக்குப் போகிறவர்களுக்கு வசதியாக ஞாயிற்றுக்கிழமை, வர வேண்டும். கிளினிக்குகளில் கட்டணப் பலகை தமிழில் தொங்க வேண்டும். இந்த மூன்றையும் மனுவாக எழுதி மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப் போகிறேன். கையெழுத்துப் போட விருப்பம் உள்ளவர்கள் எனக்குச் சொல்லுங்கள். தேனி வரை கூட வருகிறவர்கள் காலை 9 மணிக்குப் போடி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். பல் டாக்டராக இருக்கிற என் மாணவர்கள் நான் எழுதியதில் திருத்தம் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்